கண்காணிக்குக் காட்டிய கண்

நாள் 212 – 06:10
சனி வளைய நோக்குநிலையம். பணியாளர் ஒருவர்: ஜெபக்கனி. காற்றழுத்தம் சரி. ஈரப்பதம் பதினெட்டு விழுக்காடு, உதடு வெடிக்கிற அளவுக்கு வறட்சி. வேலை வழக்கம்போல: திரையில் ஓடும் பனிக்கட்டிகளில் தலையளவுக்கு மேல் இருப்பதைக் குறிப்பது. கப்பல்கள் அவற்றை விலக்கிப் போகும். நாளைக்கு ஒன்பதாயிரம் கட்டிகள்.

திரைக்கு மேலே ஒரு கேமரா. அதற்குப் பின்னால் ‘கண்காணி’ என்ற நிரல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையை இருபது விநாடி இருட்டாக்கி, கண்ணைத் திருப்பு என்று சொல்லும். நான் நிமிடத்துக்குப் பத்து முறைகூட இமைக்கவில்லை என்றால் ஒரு மணி நேரம் பூட்டிவிடும். பூட்டினால் அன்றைய கணக்கு முடியாது, பணிநேரம் நீளும். எனக்குப் பொறுமை கிடையாது. பெற்றவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இங்கே வருகிற எல்லோரும் செய்கிற திருட்டுத்தனத்தை இன்று நானும் செய்தேன். நான் அடக்கஒடுக்கமாக உட்கார்ந்து இமைப்பதைப் பழைய கைபேசியில் ஒரு மணி நேரம் படம்பிடித்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கேமராவுக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கண் களைக்கவில்லை என்று கணக்கிட்டு, திரையை இருட்டாக்குவதையும் அது நிறுத்திவிட்டது. கண்காணி அதை நான் என்றே நம்புகிறது. பாவம், அதன் அறிவு அவ்வளவுதான்.

நாள் 230 – 15:40
கண்காணி தந்த கண் மதிப்பெண்: நூற்றுக்கு நூறு.
பதினான்கு மணி நேரம் ஒரே மூச்சில் வேலை. பிறகு ஓய்வு. ஓய்வென்றால், பெரிய திரையை விட்டுச் சின்னத் திரையில் நாடகம் பார்ப்பது. மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கிற கட்டத்தில் யார் இமைப்பார்கள்?

நாள் 251 – 09:05
இரண்டு கண்ணிலும் மணல் கொட்டியது போல் உறுத்தல். சொட்டுமருந்து தீர்ந்துவிட்டது. டைட்டன் நிலவில் இருக்கும் தலைமையகத்திடம் மருந்தும் மாற்று ஆளும் கேட்டேன். டாக்டர் வரதராஜுலுவின் பதில்:

“ஜெபக்கனி, உங்க கண் அறிக்கை என் முன்னாலதான் இருக்கு. எல்லா நிலையத்துலயும் உங்களுதுதான் முதல். மருந்து ஆறாம் நிலையத்துக்குப் போகுது, அங்க ஒருத்தருக்கு நிஜமாவே முடியல. வீட்டு ஞாபகம் வந்தா வந்துருச்சுன்னு சொல்லுங்க, தப்பில்ல. கண்ணு மேல பழியப் போடாதீங்க.”

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏமாற்றுக்காரி என்று இறக்கிவிடுவார்கள், மறுபடி மேலே ஏற்றவே மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நாள் 263 – 07:30
வலது கருவிழியில் வெள்ளைப் புள்ளி. நேற்று கடுகு, இன்று மிளகு. இப்போது விழுந்து விழுந்து இமைக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒவ்வொரு இமைப்பும் அறுக்கிறது. இடது கண்ணால் குறித்தேன். எத்தனை கட்டிகளை விட்டேனோ தெரியாது.
மதிப்பெண்: நூற்றுக்கு நூறு.

நாள் 268 – 10:50
இனி குரல் பதிவு. இடது கண்ணும் போய்விட்டது, எழுத்து தெரியவில்லை. திரை ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

சரக்குக் கப்பல் ‘மன்னார்’ அழைத்தது. தலைவர் சேவியர் பர்னாந்து:

“நோக்குநிலையம், கேக்குதா? கட்டி ஒண்ணு இடிச்சுக் காத்துத் தொட்டி ஓட்டையாப் போச்சு. நாங்க அஞ்சு பேரு. ரெண்டு மணி நேரத்துக்குத்தான் மூச்சுக்காத்து இருக்கு. உங்ககிட்டதான் வந்து ஒட்டணும், வேற போக்கிடம் இல்ல. எங்க கேமராவும் போச்சு. நீதான் திரையப் பாத்து இடமா வலமான்னு சொல்லணும். உன் பக்கத்து இடம் வலத்தச் சொல்லு, போதும்.”

சொன்னேன்: “அண்ணே, எனக்குக் கண்ணு தெரியலண்ணே.”

சிரித்தார். “வெளையாடாத பிள்ள. உன் கண்ணுக்கு நூத்துக்கு நூறுன்னு தலைமையகம் இப்பந்தான் சொல்லிச்சு. அந்தத் தைரியத்துலதான் வாரோம்.”

நாள் 268 – 11:20
தலைமையகத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கைபேசி, டேப், காணொளி, எல்லாம். டாக்டர் நம்பவில்லை. “அறிக்கைல அப்படி இல்லையேம்மா. பயத்துல பேசுறீங்க. தண்ணி குடிங்க.”

எனக்குத் தகுதியில்லை என்று கண்காணி சொன்னால்தான் தலைமையகம் என் திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு அங்கிருந்தே கப்பலுக்கு வழி சொல்லும். அப்படிச் சொல்லவைக்க ஒரே வழிதான் இருந்தது. தடவித் தடவிக் கைபேசியைப் பிய்த்தேன். முகத்தைக் கேமராவிடம் நீட்டினேன்.

ஐம்பத்தாறு நாள் கழித்துக் கண்காணி என் கண்ணைப் பார்த்தது. இனிமையான குரலில் சொன்னது: “உங்கள் கண்கள் மிகவும் களைத்திருக்கின்றன. திரை ஒரு மணி நேரம் பூட்டப்படுகிறது. நன்றாக ஓய்வெடுங்கள்.”

நாள் 268 – 11:26
தலைமையகம்: “திரை எங்களுக்கும் வரல! யார் பூட்டினது?”

அவர்களாலும் திறக்க முடியவில்லை. முன்னால் இருந்தவர்கள் பூட்டைத் திறந்து திறந்து ஏமாற்றியதால், யாராலும் திறக்க முடியாதபடி தலைமையகமே செய்து வைத்திருக்கிறது. கைபேசியை மறுபடி ஒட்டினேன். பூட்டிய பிறகு அது யாரையும் பார்ப்பதில்லை. பூட்டு திறக்க ஐம்பத்து நான்கு நிமிடம். கப்பல் வந்து சேர நாற்பது. வேகத்தைக் குறைக்க அவர்களிடம் எரிபொருள் இல்லை.

நாள் 268 – 11:52
பர்னாந்து அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை நம்பினார். பிறகு மெதுவாக:

“சரி பிள்ள. பின்னால நாலு பேரும் ரொம்பப் பயந்து கெடக்காங்க. ஸ்பீக்கரப் போடுறேன். அவங்களுக்குக் கேக்குற மாதிரி எதையாவது சொல்லு.”

நாள் 268 – 12:04
“நோக்குநிலையம், தெரியுதா நாங்க?”

“தெரியுதுண்ணே. நல்லாத் தெரியுது. நேராத்தான் இருக்கீங்க. அப்பிடியே வாங்க.”

அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே, நல்லாருப்பே தாயி, என்றாள்.

நாள் 268 – 12:07
சுவர் அதிர்ந்தது. வலப்பக்கம். என் கை அந்தச் சுவரில்தான் இருந்தது. ஏதோ உரசிக்கொண்டே போயிற்று, நெடுநேரம், பிறகு இல்லை.

அழைத்தேன். அழைத்தேன். அழைத்துக்கொண்டே

நான் இடது என்று சொல்லியிருக்க வேண்டும்.