மூன்று தண்ணீர் காணாத மெழுகு

பழவேற்காடு
ஹிஜ்ரி 1096, ஷவ்வால் பிறை 12

என் கண்ணான மகன் ஷாகுல் ஹமீதுக்கு, பழவேற்காட்டிலிருந்து உன் உம்மா பரக்கத் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மனைவி கைருனும் உன் மகள் மரியமும் சுகமாக இருக்கிறோம், மலாக்காவில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் கையேந்துகிறேன். முறைப்படி எழுத வேண்டியதை எழுதிவிட்டேன், இனி என்னைப் பிடித்து நிறுத்த முடியாது. உன் மகள் நடந்துவிட்டாள்! பெருநாளுக்கு மறுநாள் காலை, கொல்லையில் நான் மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது, கிணற்றுச் சுவரைப் பிடித்து நின்றவள் கையை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தாள், ஐந்தாவதில் தொப்பென்று உட்கார்ந்து தனக்குத் தானே கை தட்டிக்கொண்டாள். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன். அன்று பொழுது சாயும்வரை அவளை நடக்க விடுவதும் விழுந்தால் தூக்குவதும்தான் எனக்கு வேலை. பிறந்த அன்று அவள் நாக்கில் தேன் தொட்டு வைத்தவள் நான், அதனால்தான் என் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது என்று கைருன் சொல்கிறாள். மூக்கு மட்டும் உன்னுடையது.

இனி பெரிய சேதி. நீ கேட்டபடியே கைருனையும் பிள்ளையையும் ஜமால் முகம்மது நாகுதா தலைவராக இருந்து ஓட்டும் கப்பலில் உன்னிடம் அனுப்ப எல்லாம் ஆயத்தம், நாகுதா தம் மனைவியையும் கூட்டிப்போவதால் துணைக்கும் குறைவில்லை. கப்பல் முகத்துவாரத்துக்கு உள்ளே ஏரியில் நிற்கிறது. பதினான்காம் பிறை காலையில் கடல் பொங்கி வெள்ளம் ஏறும்போது மணல்திட்டைத் தாண்டி வெளியே போனால்தான் உண்டு, அமாவாசைக்கு அடுத்த பெரிய வெள்ளம் வருவதற்குள் கப்பலைக் கிழக்கே தள்ளும் கச்சான் காற்று ஓய்ந்து வாடை திரும்பிவிடும், பிறகு தை மாதம்தான். கப்பலுக்குப் புதுப் பாயும் தைத்து ஏற்றியாகிவிட்டது. கடல் ஏறுகிறவர் வீட்டு மெழுகைத்தான் பாய் தைக்கும் நூலுக்குத் தடவ வேண்டும், அதையும் அந்த வீட்டுப் பெண் தன் கையால் தடவ வேண்டும் என்பது நம் தெருவின் வழக்கம் ஆயிற்றே, உன் வாப்பா உயிரோடு இருந்து கடலேறிய காலத்திலும் ஒரு முறைகூட நான் தவறவிட்டதில்லை. இந்த முறை என் பேத்தி போகிறாள் என்று நூலோடு நிற்காமல் பாயின் ஓரக் கயிறு முழுவதற்கும் தடவித் தள்ளினேன். எல்லாம் கூடிவந்த நேரத்தில், முந்தாநாள் காலை, கேள் மகனே, ஏரிக்கு அக்கரையில் இருக்கும் காட்டிலிருந்து ஒரு பெருந்தேனீக் கூட்டம் கிளம்பி வந்து, ஊரில் இத்தனை மரம் இருக்க, நம் கப்பலில் பாய் கட்டிய குறுக்குமரத்தில் உட்கார்ந்துவிட்டது! முறம் அகலத்துக்குக் கறுப்பாகத் தொங்குகிறது. ஏறப்போன இரண்டு பேர் கொட்டு வாங்கிக்கொண்டு ஏரியில் குதித்தார்கள், அதில் ஒருவருக்கு முகம் வீங்கிப்போய் அவர் வீட்டு நாயே அவரைப் பார்த்துக் குரைத்ததாம்.

ஊரே கரையில் நின்று யோசனை சொல்கிறது. கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்துப் பீரங்கிக்காரர் கந்தகம் கொளுத்தி ஒரேயடியாகக் கொன்றுவிடலாம் என்றார், நாகுதா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டார். தேனீயின் பெயரில் ஓர் அத்தியாயமே உள்ள வேதத்தை ஓதுகிறவன் நான், இறைவனே சேதி அறிவித்த பிராணியை என் கப்பலில் கொல்ல விடமாட்டேன் என்கிறார். தார் பூசிய கப்பலில் நெருப்பும் ஆகாது. ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய தடை சுக்கான் பிடிக்கிற பொன்னுரங்கம் சொன்னதுதான். கைப்புள்ளயோட பொம்பள ஏறுற கப்பல்ல தேனீ வந்து குந்துச்சுனா இன்னா அர்த்தம், கடலு அந்தப் பொண்ண வேணாம்னு சொல்லுது, அத இட்டுனு போனா நாங்க யாரும் ஏற மாட்டோம்னு சொல்லிவிட்டார். மற்ற ஆட்களும் அவர் பக்கம். கைருனை இறக்கிவிட மனமும் இல்லாமல் ஆட்களை இழக்கவும் முடியாமல் நாகுதா தாடியைத் தடவிக்கொண்டிருக்கிறார். கைருனோ கட்டிய மூட்டையை அவிழ்க்கவில்லை. இதற்கு நடுவே, கோட்டைக்கு என்னிடம் மெழுகுவத்தி வாங்குவாரே கத்தரீனா அம்மாள், படைத்தலைவரின் விதவை, அவர் புதுக் கதை ஒன்று சொல்கிறார். அவர்கள் நாட்டில் வைக்கோலால் கூடை முடைந்து அதில் தேனீ வளர்ப்பார்களாம், வீட்டில் பிறப்பு, இறப்பு, கல்யாணம், பயணம் எது நடந்தாலும் வீட்டுச் சாவியால் கூடையைத் தட்டித் தேனீக்களிடம் சொல்லிவிட வேண்டுமாம், மறைத்தால் கோபித்துக்கொண்டு பறந்துவிடுமாம். தம் கணவர் இங்கே இறந்தபோது சொல்லிக்கொள்ள ஒரு கூடை தேனீ இல்லையே என்று அழுதாராம், பாவம். மருமகள் போவதை நீங்கள் சொன்னீர்களா என்று என்னைக் கேட்டார். சொல்லாமல் விட்டால்தான் பறந்துவிடுமே, நமக்கு வேண்டியதும் அதுதானே என்று நான் சிரித்தேன். இவை கேட்பதற்கென்றே வந்திருக்கின்றன என்கிறார் விடாமல். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள், நிறுத்துகிறேன்.

பிறை 13, மதியம் லுஹர் தொழுத பின்

மகனே, நேற்று எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், இந்த ஊரில் காகிதம் கிடைக்கிற அருமையில் மனம் வரவில்லை, கிடக்கட்டும். நேற்று உன்னிடம் ஒன்றை மறைத்தேன். மெழுகுக்கு மூன்று தண்ணீர் என்பது நம் வீட்டுச் சட்டம் அல்லவா, தேனடையைக் காய்ச்சி வடித்த பின் புதுத் தண்ணீரில் இன்னொரு முறை, மழைத் தண்ணீரில் மூன்றாம் முறை, அப்போதுதான் தேன் பிசுக்கு முழுவதும் விட்டுப்போகும். துணியில் மெழுகு தடவிப் பூ எழுதுகிற சித்திரக்காரர்கள் பரக்கத் பீவி மெழுகு என்றால் முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்குவது அதனால்தான். பெருநாளுக்கு மறுநாள் காய்ச்சிய மெழுகு முதல் தண்ணீரோடு நின்றுவிட்டது. பிள்ளை நடந்த மயக்கத்தில் மற்ற இரண்டும் எனக்கு நினைவிலேயே இல்லை. அந்தப் பிசுக்கு மெழுகைத்தான் பாய் முழுக்கத் தடவியிருக்கிறேன். தேனீக்கள் வந்து உட்கார்ந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று மாலை கத்தரீனா அம்மாள் என்னை விடவில்லை, தோணியில் ஏற்றிக் கப்பலடிக்கே கூட்டிப்போய்விட்டார். என் இடுப்பிலிருந்த சாவியை வாங்கிக் கப்பல் பலகையில் மூன்று தட்டு தட்டி, சொல்லுங்கள் என்றார். கரையில் ஊர் நிற்கிறது, கப்பல் தட்டில் நாகுதாவும் பொன்னுரங்கமும், பக்கத்துத் தோணியில் அக்கரைக் காட்டிலிருந்து எனக்கு அடை எடுத்து வரும் இருளர் சடையன். நான் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். தேனீக்களே, என் மருமகள் கைருன் தன் புருஷனிடம் மலாக்கா போகிறாள், என் பேத்தியும் போகிறாள் என்றேன். அதற்குமேல் விளையாட்டு வரவில்லை மகனே. மேலே அத்தனை ஆயிரமும் சத்தத்தை நிறுத்திவிட்டு நான் சொல்லப்போவதற்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. நீங்க வந்தது அவளால இல்ல, என் மெழுகால, மூணு தண்ணி காட்டாத மெழுக பாய்க்குத் தடவினது நான்தான்னு கத்தியே சொல்லிவிட்டேன். கரைவரைக்கும் கேட்டது. பொன்னுரங்கம் வாயைப் பிளந்தார், பீவிம்மா மெழுகுலயா பிசுக்குனு கேட்டவர் அடுத்த நொடி தட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், அவரோடு சேர்ந்து ஆட்கள் எல்லாரும். சடையன் மட்டும் சிரிக்கவில்லை. வந்தப்பவே எனக்கு வாசம் அடிச்சுது பீவிம்மா, உங்க பேரு கெட்டுப்பூடுமேனு கம்முனு இருந்தேன், வாசத்துக்கு வந்தத வாசத்தோடயே இட்டுனு போயிடலாம் வுடுங்கனு சொன்னார்.

அவ்வளவுதான், வேலை பறந்தது! இன்று விடியலில், தேனீக்கள் சிறகை விரிக்கும் முன்பே, குறுக்குமரத்தைப் பாயோடும் கூட்டத்தோடும் சேர்த்து விரல் விரலாக இறக்கி, இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு தோணிகளுக்குக் குறுக்கே வைத்து, நடுவில் தேனீக்கள் தொங்கத் தொங்கக் கோல் ஊன்றி அக்கரைக்குத் தள்ளிப்போனார்கள். மூச்சுவிடும் சத்தம்கூடக் கிடையாது, ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் தண்ணீரில் இடுப்பளவு நின்றபடியே சிலையாகிவிட்டார்கள். அக்கரையில் சடையன் பச்சிலைப் புகை காட்டி, ஏந்திரு தாயே, உனக்கு நல்ல மரம் காட்டுறேன், கொழந்த அப்பங்கிட்ட போவணும், வழி வுடுனு சொன்னாராம். கத்தரீனா அம்மாளின் நாட்டிலும் பேசுகிறார்கள், நம் காட்டிலும் பேசுகிறார்கள், நம் வேதத்தில் ஆண்டவனே பேசியிருக்கிறான், நான் மட்டும்தான் இத்தனை வருடம் அடையைக் காய்ச்சியதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட்டம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நாவல் மரத்தில் ஏறிக்கொண்டது. மூன்று நாளில் குறுக்குமரத்தில் உள்ளங்கை அளவு அடை கட்டியிருந்ததாம். அவர்கள் ஆட்கள் எந்த அடையையும் முழுதாக எடுப்பதில்லை, சடையன் பாதியை மரத்தடியில் வைத்துவிட்டு மீதியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். குறுக்குமரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கப்பலில் பழைய பாயை ஏற்றியாகிவிட்டது, நாளைக் காலை வெள்ளத்தில் கிளம்புகிறது! கைருனை ஏற்றிப்போகப் பொன்னுரங்கமே தோணி கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். தேனீக்களிடம் நான் பாதியைத்தான் சொன்னேன். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது பேர் கெட்டுப்போகும் என்பதற்காக மட்டும் இல்லை. தேனீக்கள் போகாவிட்டால் கப்பல் தவறும், கப்பல் தவறினால் தை வரைக்கும் பிள்ளை என் கொல்லையில் நடப்பாள். அந்த ஆசையில், என் தவறுக்கான பழி கைருன் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று காலை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், எனக்கு அன்னிக்கே தெரியும் மாமினு சொன்னாள். நூலுக்கு மெழுகு தடவிய அன்று பிள்ளை அந்த நூலை எடுத்துச் சப்பிச் சப்பிச் சிரித்ததைப் பார்த்தாளாம். அப்புறம் ஏண்டி இத்தினி பேச்சக் கேட்டுனு கம்முனு இருந்தே என்று கேட்டேன். புள்ளய வுட உங்களுக்கு மனசு வரலனு தெரிஞ்சுது மாமி, சரி தையிலயே போவலாம்னு நெனச்சேன் என்றாள். தன் புருஷனைப் பார்க்க ஒன்றரை வருடமாக நாளை எண்ணிக்கொண்டிருக்கிற பெண் சொல்கிற வார்த்தையா இது! இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம், எங்களைப் பார்த்துப் பிள்ளை கை தட்டினாள்.

கப்பல் மயக்கத்துக்கு இஞ்சியைத் தேனில் ஊறவைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், மிச்சம் இருந்தால் நீ திருடித் தின்னாதே. அவளிடம் குரலை உயர்த்தினாய் என்று காதில் விழுந்தால் அடுத்த கப்பலில் நானே வந்து இறங்குவேன். வீட்டில் கிணறு இருந்தால் மூடி போடு, மரியம் எதையும் எட்டிப்பார்ப்பாள். உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நல்ல காற்றையும் கலையாத வீட்டையும் தருவானாக. நீ வாங்கும் தைமூர்த் தீவு மெழுகு கறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, மூன்று தண்ணீர், மறந்துவிடாதே, மூன்றாவது மழைத் தண்ணீர், யார் நடந்தாலும் அடுப்பை விட்டு நகராதே. இந்தக் கடிதத்தைச் சடையன் கொடுத்த அடையின் மெழுகால் ஒட்டுகிறேன். இதற்கு மட்டும் வேண்டுமென்றே ஒரே தண்ணீரோடு விட்டேன், முகர்ந்து பார், அக்கரைக் காட்டு வாசம் வரும். கடுகளவு மெழுகைத் தேடி எந்தத் தேனீயும் மலாக்கா வராது. கடிதத்தைக் கைருன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், ஆகையால் படித்து முடித்ததும் நிமிர்ந்து பார், எதிரில் நிற்பாள். பிள்ளையைத் தரையில் விடச் சொல். நாலு எட்டுத் தூரத்தில் உட்கார்ந்து கையை நீட்டு, ஐந்தாவதில் நீ பிடித்துக்கொள்.

உன் உம்மா
பரக்கத் பீவி