பாதையின் குறுக்கே ஒரு மட்டை

காலையில் மாதா கோயிலில் கொடுத்த குருத்தோலை இன்னும் என் மடியில் கிடக்கிறது. நகத்தால் கீறினேன். அடி கூட்டாளி, அந்தப் பச்சை வாசம் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். வாசித்துக்கொள்.

இன்றைக்குப் பூசையை நிறுத்தியது நான்தான். எனக்கு முன் பெஞ்சுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை. பக்கத்தில் ஆள் இல்லை. "யாரு பை இது?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழுந்து நின்று கத்திவிட்டேன். ஃபாதர் பிரசங்கத்தை விட்டுவிட்டார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் வெளியே ஓடியது. கடைசியில் கழிவறையிலிருந்து ஒரு பெண் வந்து பையைத் திறந்து காட்டினாள். பால்புட்டி, குழந்தைச் சட்டை, ஒரு டப்பா முறுக்கு.

"பாட்டி, முறுக்கு வெடிக்காது லா!" என்றான் பாட்டுக் குழுவில் ஒருவன். கோயிலே சிரித்தது. என் பேத்திக்கு முகம் செத்துவிட்டது.

"ஏன் பாட்டி மானத்த வாங்குறீங்க? அடுத்த வாரம் ஈஸ்டருக்கு நீங்க வீட்டிலேயே இருங்க. டிவில பூச பாத்துக்கலாம்."

ஃபாதரும் அதுதான் நல்லது என்று தலையாட்டினார். உன் உயிர் போன திருநாளில் எனக்குக் கோயில் கிடையாதாம்!

உன் குளவிக்கூடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருவரும் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைக்கு அடியில் உதிரிப் பழம் பொறுக்கிய காலம். மரத்தில் குளவியைக் கண்டால், கண்டவள் ஒரு மட்டையை இழுத்துப் பாதையின் குறுக்கே போட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருநாள் நீ மட்டை போட்டாய். குலை வெட்டு நின்றுபோனது. நம்மை வேலை வாங்குகிற மண்டோர் பந்தம் கொளுத்திக்கொண்டு வந்து பார்த்தால் வெறுங்கூடு.

"கூட்டுல குளவி இல்ல. இவ வாய்தான் கொட்டுது!" என்றார் அவர். வெட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நீ இடுப்பில் கை வைத்து நின்றாய். "வெறுங்கூடுன்னா சிரிச்சிட்டுப் போங்க மண்டோரே. குளவி இருந்திருந்தா யாரு வந்து அழுவுறது?"

அடுத்த வாரமே வேறொரு மரத்தடியில் மட்டை போட்டாய். அதில் குளவி இருந்ததா என்று ஒருவரும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. சிரித்தவர்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். அந்த மண்டோர் செத்தபோதுகூட நான் எட்டிப் பார்க்கவில்லை, தெரியுமா?

பல வருடம் கழித்து, கொழும்பில் இருக்கிற உன் மகளோடு ஈஸ்டர் கொண்டாடப் புறப்பட்டாய். கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் நான்தான் உன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். "கேக்கு தின்னுட்டு ஓடி வந்துர்றேன்டி" என்றாய். அந்த ஞாயிறு காலை, பூசை நடக்கும்போதே அங்கே கோயிலுக்குள் குண்டு வெடித்தது. உன்னோடு எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

அதையாவது தாங்கினேன். பிறகு பேத்தி செய்தியை வாசித்துக் காட்டினாள் பார், அதைத் தாங்க முடியவில்லை. முன்னமே தகவல் வந்திருந்ததாம். கோயில்களுக்கு ஆபத்து என்றே வந்ததாம். உளவு பார்க்கிறவர்கள் கையில் இருந்திருக்கிறது. மேசைக்கு மேசை போயிருக்கிறது. நீ முழங்காலிட்டிருந்த கோயில் வாசலுக்கு மட்டும் வரவில்லை. வெறுங்கூடாகப் போனால் சிரிப்பார்களே என்று இருந்தார்களோ, அடுத்தவன் சொல்லட்டும் என்று இருந்தார்களோ! கூட்டைக் கண்டவர்கள் இருந்தார்கள். மட்டையை இழுத்துப் போடத்தான் ஒரு கை இல்லை.

"மன்னிச்சிடுங்கம்மா" என்று ஃபாதர் வருடா வருடம் சொல்கிறார். குண்டு வைத்தவனை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்களை மன்னிக்க எனக்கு மனசில்லை. சாகிற வரைக்கும் வராது.

சாயந்தரம் பேத்தியிடம் சொல்லிவிட்டேன். "ஈஸ்டருக்கு நான் கோயிலுக்கு வருவேன். வாசலோரப் பெஞ்சுல உக்காருவேன். உள்ள வர்ற பையெல்லாம் என் கண்ணுல படணும்."

"திரும்பவும் கத்துவீங்களா பாட்டி?"

"கத்துவேன். சிரிக்கிறவங்க உயிரோட இருந்து சிரிக்கட்டும்."

அவள் கீழே நழுவிய குருத்தோலையை எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு, "அப்ப நானும் உங்க பக்கத்திலேயே உக்காந்துக்கிறேன்" என்றாள்.

பாதையின் குறுக்கே போட இந்தக் குருத்தோலை போதாதுதான். ஆனால் மண்டோர் சொன்னாரே, கொட்டுகிற வாய் என்று. உன்னுடையதை மூடிவிட்டார்கள். என்னுடையது இருக்கிறது.