ரவை கேக்கும் ஆறாத சூளையும்

என் மலருக்கு,

நீ போன இடத்தில் ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று தெரியவில்லை. இங்கே இன்று ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன் பழைய குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தேன். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஓரம் உடைந்த பீங்கான் தட்டைக் கவிழ்த்தேன். எல்லாம் நீ செய்த மாதிரிதான். ரவையைத் தயிரில் ஊறவைக்க மட்டும் மறந்துபோய், பிறகு அரைமணி நேரம் காத்திருந்தேன்.

நான் கேக் செய்கிறேன் என்றால் நீ சிரிப்பாய். சிரி. இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பு இல்லாமல் இந்த வீடு வீடாகவே இல்லை.

வேலையில் ஏதாவது சிக்கல் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன், நினைவிருக்கிறதா? நீயும் கேட்கமாட்டாய். என் முகத்தைப் பார்த்ததுமே ரவையை ஊறப்போடுவாய். கேக் வெந்து வீடெல்லாம் ஏலக்காய் மணக்கும்போது நீ மூடியைத் திறக்க வந்தால் நான் விடமாட்டேன். இருபது வருஷம் பீங்கான் கம்பெனியில் கில்ன் சூளை பார்த்தவன் புத்தி. சூளை முழுக்க ஆறுவதற்குள் கதவைத் திறந்தால், காற்றுப் பட்டுச் சரக்கு விரிசல் விட்டுவிடும். "இது கில்ன் இல்லீங்க, குக்கரு. தெறங்க, வேர்த்துடும்" என்று நீ கெஞ்சுவாய். கேட்பேனா? கடைசியில் திறந்தால் மூடியெல்லாம் தண்ணீர், கேக்கின் தலை சொதசொதவென்று இருக்கும். அதை ஸ்பூனால் தோண்டித் தின்போம். திட்டிக்கொண்டே ஓரத்துக் கருகலை எனக்கு ஒதுக்கி வைப்பாய், எனக்கு அதுதான் பிடிக்கும் என்று.

அப்படிப்பட்டவன் என்ன செய்தேன் தெரியுமா, மலர்? போன வாரம் சூளையை ஆறுவதற்குள் திறந்துவிட்டேன்.

கரண்டுக்குப் போடும் பீங்கான் ஃபியூஸ் கட்டை லோடு. வாசலில் லாரி நிற்கிறது. மேனேஜர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் செய்து, "இன்னும் எவ்ளோ நேரம்ணே?" என்கிறார். திறக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை. நானாகத்தான், லேசாகத் திறந்து வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்று கதவை நகர்த்தினேன். உள்ளேயிருந்து டிங், டிங் என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கட்டை. பதறிப்போய் மூடினேன். சத்தம் நிற்கவில்லை.

மறுநாள் இறக்கினால் பாதிக்குமேல் விரிசல். "மண்ணு கலவ சரியில்ல போலருக்குது" என்றார் மேனேஜர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கலவை போடும் கலைச்செல்வியை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து உனக்குத் தலைவாரிவிட்டாளே, அதே கலைச்செல்வி.

"நான் சரியாத்தாண்ணே கலந்தேன். ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தெரியும், மலர். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. நம் பெண் யாழினியிடம் எரிந்து விழுகிறேன். நீ இருந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாய். யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் இன்று ரவையை எடுத்தேன்.

வெந்த வாசனைக்கு நம் மகள் ஸ்பூனோடு வந்து நின்றாள். பன்னிரண்டாவது படிக்கிறாள், இப்போது உன் உயரம். அடுப்பை அணைத்துவிட்டு, வழக்கம்போலக் குக்கருக்குக் குறுக்கே நின்றேன்.

"இது கில்ன் இல்லப்பா, குக்கரு. தெறப்பா, வேர்த்துடும்."

உன் வார்த்தை, உன் ராகம். மூடியை எடுத்தேன். முகத்தில் ஆவி அடிக்க நின்றபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கேக்கை வெட்டினாள். முதல் தடவையாக மேலே ஈரமில்லாமல் பூப்போல வந்திருந்தது. ஒரு நாளாவது உன் பேச்சைக் கேட்டுத் திறந்திருக்கலாமே? இந்த நல்ல கேக்கை நீ தின்னவே இல்லை. என்னால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை.

பாதியை டிபன் பாக்ஸில் எடுத்து வைத்தேன்.

"கலைச்செல்வி அத்தைக்காப்பா?"

"ஆமாம்மா."

"மொதல்ல மொதலாளிகிட்ட சொல்லு. அப்புறம் அத்தைகிட்ட சொல்லு. அதுக்கப்புறம் கேக்கு குடு. கேக்கு குடுத்துட்டு சொல்லாதப்பா."

உன் பெண்தான், சந்தேகமில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு முதலாளி வரும்போது கேட்டில் நிற்பேன். வேலை போனால் போகட்டும். அங்கிருந்து நேரே கருவேப்பிலங்குறிச்சி பஸ். கலைச்செல்வி உள்ளே வா என்பாளா, முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவாளா?

யாழினி ஓரத்துக் கருகலை ஒரு கிண்ணத்தில் எனக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை இன்று தொடமாட்டேன். நாளை இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வந்துதான் தின்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு, மலர்.

உன் வீட்டுக்காரன்,
யாழினியின் அப்பா
விருத்தாசலம்