பெயிண்டருக்குக் கதவைத் திறந்தவன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க இங்கே இரண்டு வேளை ஜெபத்திலும் உங்களை நினைத்துக்கொள்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, கை நடுக்கம் நின்றுவிட்டது, கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் ஆபீஸ் அறையில் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது இதைப் பேச வாய் வராது.

இந்தக் குடி மறுவாழ்வு இல்லத்தில் ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவார்கள். முகம் கழுவி ஜெப அறைக்குப் போக வேண்டும், பிறகு ஆளுக்கொரு வேலை, கூட்டுவது, காய் நறுக்குவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது. ஷேவிங் லோஷன், இருமல் மருந்து எதுவும் உள்ளே வராது, வந்தால் அதையும் குடித்துவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன் நேரம் தவறமாட்டான் என்று பாஸ்டர் ஐயா நாலாம் மாதம் கேட் சாவியை என்னிடம் கொடுத்தார். அதைச் சொன்னபோது நீ போனிலேயே அழுதாய்.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயிண்டர் இருந்தான். பாட்டுப் பாடும்போது எல்லாரும் முடித்த பிறகு அவன் மட்டும் அரை வரி இழுத்துக்கொண்டிருப்பான், ஐயாவே சிரித்துவிடுவார். போன மாதம் ஒரு நாள் மதியம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், கேட்டுக்கு வந்து, அண்ணே, பொண்ணுக்குப் பிறந்தநாள், பாத்துட்டு ஒரு மணி நேரத்துல ஓடி வந்துடறேன் என்றான். அந்தப் பொய் எனக்குத் தெரியாதா? அதையே உன் அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தெரிந்தேதான் திறந்தேன். அன்று சாயங்காலமே மார்க்கெட்டுக்குப் பின்னால் குடித்துவிட்டு விழுந்து கிடந்தானாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இரக்கப்பட்டுத் திறந்துவிட்டேன் என்று ஐயாவிடம் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அவன் மனைவி துணிமணிகளை எடுத்துப்போக வந்தாள், ஒரு சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள். என்னிடம் வந்து, உங்க நல்ல மனசுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கண்ணே, அவர் கேட்டா யாராலயும் இல்லன்னு சொல்ல முடியாது என்றாள். கும்பிட்டாள் மகளே, என்னைப் பார்த்து. அன்றிலிருந்து ஜெபத்தில் பாட்டு முடிந்த பிறகும் எனக்குப் பின்னால் அந்த அரை வரி கேட்கிறது. திரும்பினால் வெறும் சுவர். கேட்டில் யாராவது மணி அடித்தால் அவன்தான் வந்துவிட்டான் என்று தோன்றும், அப்போது முதலில் எனக்கு நாக்கு ஊறுகிறது, அதற்குப் பிறகுதான் பயம் வருகிறது.

ஏன் ஊறுகிறது என்று கேட்பாய். பூட்டைத் திறக்கும்போது அவன் காதில், வரும்போது எனக்கும் கொஞ்சம் கொண்டா என்று சொல்லித்தான் அனுப்பினேன். இரக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

நேற்று இதை ஐயாவிடம் சொல்லிவிட்டேன். சாவியை வாங்கிக்கொண்டார். வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவன் மனைவிக்கு என்னையே போன் பண்ணிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை ஐயாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் மூலம்தான் எனக்குத் தெரிந்தது, அவரை மன்னிக்க எனக்கு மனசு வரல, ஆனா அந்த ஆளை வெளிய அனுப்பிடாதீங்க, அவருக்கும் வீட்ல யாராவது இருப்பாங்கல்ல என்றாளாம்.

ஆகவே இங்கே நான் இருக்க வேண்டிய நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் அங்கே வருவேன் என்று அறை ஒழித்து வைத்திருந்தால் குழந்தை விளையாட விட்டுவிடு. இன்று அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் வேலை.

கடவுள் உன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைக்குச் சளி என்றாயே, மருந்தை நடுவில் நிறுத்தாதே. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு. எனக்காக நீ என் குடியை அவரிடம் இதுவரை மறைத்தது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா