மீனுக்குக் காட்டிய கற்பூரம்

இன்று காலை ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை. ஆயுத பூஜை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தராசுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். மீன் தொட்டிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, நானே குங்குமத்தோடு போனேன். உன் தோழியாக இருந்துவிட்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

தண்டலத்தில் ஒரே அறையில் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் ஒரகடத்துக்கு நாம் வேலைக்கு வந்த காலம் அது. ஒரு மருந்துக் கம்பெனியின் கழிவுநீரில் மீன்களை விட்டு, சாகின்றனவா என்று பார்க்கும் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது எங்கள் ஊர் ஏரியில், என் சித்தப்பா வலை வீசுகிற ஏரியில். ஒரு மீனும் சாகவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த வருஷ ஆயுத பூஜை அன்று நீ கற்பூரத் தட்டும் மணியுமாகத் தொட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றாய்.

“இன்னாடி பண்ற? டெஸ்ட் ஓடிக்கினு இருக்கு!”

“பூசை பண்ணுதேன். தராசு ஆயுதம்னா மீனு என்ன விருந்தாளியா? நம்ம சம்பளத்துக்கு ஒழைக்கிறதே அதுகதான்.”

சொன்னால் கேட்கிற ஆளா நீ? கணகணவென்று அடித்தாய். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நல்ல தண்ணீர்த் தொட்டியில் இருந்த மீன்கள் விழுந்தடித்து மூலைக்கு ஓடின. கழிவுநீர்த் தொட்டியில் ஒன்றுகூட அசையவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்தவர்கள் போல அப்படியே நின்றன. உன் சிரிப்பு நின்றுபோனது.

“ஏட்டி, இதுக்குப் பயம் போயிருச்சு.”

அதற்குள் சூப்பர்வைசர் சார் வந்துவிட்டார். “எதுனா செத்துச்சா? இல்லல்ல? அப்போ பாஸுன்னு போட்டு அனுப்புங்கம்மா. கம்பெனி ஆளு வெளிய நிக்கிறாரு.”

“சார், சாகலங்கிறது வேற, நல்லாருக்குங்கிறது வேற. கொக்கு வந்தா ஓடத் தெரியாத மீனு ஏரியில எப்படிப் பொழைக்கும்?”

அவருக்குக் கோபம் வந்தது. வேலை போய்விடும் என்று நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். நீயோ மணியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாய். பழக்கதோஷம், மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அடித்தார். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “பார்த்தத அப்படியே எழுதுங்க. நான் பேசிக்கிறேன்.”

எழுதினோம். வெகுநாள் முணுமுணுத்த கம்பெனி, கடைசியில் சுத்திகரிப்புத் தொட்டியைப் பிரித்து வேலை பார்த்தது. சித்தப்பாவுக்கு இந்தக் கதை தெரியாது. மீன் கொண்டுவரும்போதெல்லாம் உனக்கென்று பெரியதாக ஒன்றை ஏன் எடுத்துவைத்தேன் என்பதும் தெரியாது.

நீ உடம்பு முடியாமல் திருநெல்வேலிக்குப் போன பிறகு ஒருநாள் போனில் கேட்டேன், எப்படி இருக்கிறாய் என்று. “இருக்கேன்” என்றாய். அவ்வளவுதான், “நல்லாருக்கேன்” என்று வரவில்லை. அன்றைக்கே பஸ் ஏறினேன். மத்தியானம் முழுக்க உன் கட்டிலில் உட்கார்ந்து, சார் செருப்பைக் கழற்றிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நீ போய்ச் சேருவதற்கு முன் உன்னைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அன்று நான் வராமல் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

உன்னால் எனக்கு ஒரு வியாதி தொற்றிவிட்டது. யாராவது “இருக்கேன்” என்றால் போனை வைக்க மனம் வருவதில்லை. நேற்று மதுரையிலிருந்து அக்கா அப்படித்தான் சொன்னாள். லீவு சொல்லிவிட்டேன். நாளைக் காலை பஸ்.