தலைகீழ்த் தூண் வீடு

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் மகள் கவிதா மதுரையில் கட்டடக்கலைப் படிப்பை முடித்துவிட்டாள். இராஜபாளையம் வீட்டுக்கு மாடி எடுக்கப்போகிறாள். முதல் வேலையாக, நீங்கள் ஆசைப்பட்டு வைத்த முகப்புத் தூண் இரண்டையும் இடிக்க வேண்டும் என்றாள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

பால்காய்ச்சிய அன்று பந்தியில் வைத்து நான் கேட்டது நினைவிருக்கிறதா? "என்ன மச்சான், தூணு சிரசாசனமா போடுது?" இப்படித் தூண் வேண்டும் என்று நீங்கள் காட்டிய காலண்டர் படத்தில் இலைக்கொத்து தூணின் உச்சியில் இருந்தது. வீட்டில் அது காலடியில் கிடந்தது. "நாந்தான் அப்படி வைக்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னீர்கள். அன்றிலிருந்து ஆட்டோக்காரர்களுக்குக்கூட அது தலைகீழ்த் தூண் வீடுதான்.

கவிதா விளக்கம் சொன்ன பிறகு நான் தெருவில் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறேன். கிரேக்கர்களின் தூண் மூன்று தினுசாம்: மொட்டைத் தலை, கிடாக்கொம்பு மாதிரிச் சுருள், உங்களுடைய இலைக்கொத்து. ரோமானியர்கள் அதோடு அரைவட்ட வளைவைச் சேர்த்துக்கொண்டார்கள். ரொம்ப காலம் கழித்து கோதிக் பாணி வந்து வளைவின் உச்சியைக் கூராக்கியது, சுவர் உயர்ந்தது, ஜன்னல் பெரிதானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் கடந்துபோகிற சர்ச்சின் ஜன்னல் ஏன் கூராக இருக்கிறது என்று இத்தனை வயதில்தானா எனக்குக் கேட்கத் தோன்ற வேண்டும்?

அப்புறம் மறுமலர்ச்சிக் காலத்தில் பழைய கிரேக்க, ரோமானிய அளவுகளுக்கே திரும்பினார்களாம். அதுவும் சலித்துப்போய் பரோக் வந்ததாம், ஒரே நெளிவும் சுருளும் தங்கப்பூச்சும். நம் கல்யாண மண்டப முகப்பில் இத்தனையும் ஒன்றாக நிற்கின்றன மச்சான். கிரேக்கர் யாராவது வந்து பார்த்தால் என்ன சொல்வார்?

இடிப்பதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று, அன்று வீடு கட்டிய கொத்தனாரைக் கூப்பிட்டோம். பெயர் இங்கே வேண்டாம், இன்னும் வேலைக்குப் போகிறார். தூணைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நாந்தான் மாத்தி வச்சேன். சாமி நிக்கிற பீடத்துல தாமர கீழதான இருக்கும், இதுவும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன். அவிய மறுநாளே கண்டுட்டாக, அதுக்குள்ள சிமெண்டு இறுகிப்போச்சு. வெளிய தெரிஞ்சா பொறவு ஒனக்கு எவன் வேல குடுப்பான், நான் சொல்லி வச்சதா இருக்கட்டும்னுட்டாக."

கவிதா அளவு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை வருஷம் விடாமல் கேலி செய்தேனே, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் மறுநாளே ஊருக்குத் தெரிந்திருக்கும். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா என்ன.

மாடியின் பாரத்தைப் பின்னால் எழுப்புகிற புதுக் கான்கிரீட் தூண்கள் தாங்கிக்கொள்ளுமாம். உங்கள் தூண்கள் அப்படியே நிற்கும், இலைக்கொத்தும் கீழேயே இருக்கும். மாடிக்குப் பால்காய்ச்சுகிற அன்று எவனாவது சிரித்தால், நாந்தான் அப்படி வைக்கச் சொன்னேன் என்று இந்த முறை நான் சொல்லிக்கொள்கிறேன்.

வாயாடி என்று தெரிந்தும் நீங்கள் பாயசம் ஊற்றச் சொன்ன,
உங்கள் மாப்பிள்ளை