ஆரோக்கியமான ரத்தம்

அன்பு மனைவிக்கு,

உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நானும் இப்போது நலமே.

கிருமித்தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, ஆரோக்கியமானவர்கள் என்று ஆய்வகத்தார் நாங்களே ரத்தம் கொடுப்பது வழக்கம். என் முறையில் உதவியாளர் பதறினாள்: "சார், ரத்தக்குழாயைப் பழுதுபார்க்குற அணுக்கள் நோயாளிங்களுக்கு மாதிரியே ஏறியிருக்கு, கிட்னியும் தடுமாறுது! காய்ச்சலோடயா வேலைக்கு வந்தீங்க?"

விரல் காயத்தில் புகுந்த கிருமிதான் காரணம், மருந்தேற்றிக் குணமாக்கிவிட்டார்கள். உன்னைப் பார்க்க வர விடுப்பு மறுத்த துறைத்தலைவர் கட்டிலருகே வந்து, "நல்லதாப் போச்சு, உங்க ரத்தத்த நோயாளிங்க கணக்குல சேர்த்துக்கலாம்" என்றார். நன்றி கூறினேன், அன்றே ராஜினாமாவும் எழுதிக் கொடுத்தேன்.

மாற்று ஆள் வரும்வரை விடமாட்டார்களாம். இங்கே போர்வை போதவில்லை. உன் பழைய புடவை ஒன்றை அனுப்பிவை.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். புடவையைத் துவைக்க வேண்டாம்.

உன்னவன்